72 மணி நேர முன்னறிவிப்பு: கடலில் தடுத்து வைக்கப்பட்ட 157 பேர் பற்றிய நிகழ்வு ஆய்வு

எதைப் பற்றியது

2014 ஜூன் இறுதியில், ஆஸ்திரேலியாவுக்குச் சொந்தமான கிறிஸ்மஸ் தீவை நெருங்கிக்கொண்டிருந்த ஒரு படகை அந்நாட்டின் எல்லைக் காவல் கப்பல் மறித்தது. படகில் 157 பேர் இருந்தார்கள். பெரும்பாலோர் இலங்கைத் தமிழர்கள், சுமார் 50 பேர் சிறுவர் சிறுமியர். அடுத்த நான்கு வாரங்கள் அவர்கள் கப்பலிலேயே அடைத்து வைக்கப்பட்டார்கள். ஒரு நாட்டின் கரைக்கு அருகே கொண்டுபோனார்கள், அங்கே இறக்க முடியவில்லை. திரும்பக் கொண்டுவந்து வேறொரு தீவில் இறக்கினார்கள். அவர்களில் ஒருவர் தொடர்ந்த வழக்கு ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றத்தில் (அந்நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம் அதுதான்) 4–3 என்ற கணக்கில் அவருக்கு எதிராக முடிந்தது.

இந்த நிகழ்வைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் தீர்ப்பைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். தஞ்சம் கோருவோருக்கு மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்த அனுபவத்தில் எனக்குத் தோன்றுவது வேறு. தீர்ப்பு வந்தபோது எல்லாமே நடந்து முடிந்திருந்தது. கற்றுக்கொள்ள வேண்டியது அதற்கு முந்தைய சில நாட்களில் இருக்கிறது. அதனால் நாள்வாரியாகவே போகிறேன். வழக்குத் தொடுத்தவரின் பெயரை நீதிமன்றமே மறைத்து 'சி.பி.சி.எஃப்.' என்ற நான்கு எழுத்தால் குறித்தது. இங்கும் யார் பெயரும் வராது.

பின்னணி

இலங்கையில் போர் 2009 மே மாதம் முடிந்தது. முடிந்த பிறகும் முன்னாள் போராளிகள், அவர்களோடு தொடர்பு உண்டு என்று சந்தேகிக்கப்பட்டவர்கள், அவர்களது குடும்பத்தினர் என்று பலர் தடுத்து வைக்கப்பட்டும் விசாரிக்கப்பட்டும் வந்தார்கள். ஐ.நா. அகதிகள் உயர் ஆணையர் அலுவலகம் 2012 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், எந்த எந்தப் பிரிவினரின் கோரிக்கைகளைக் கவனமாகப் பரிசீலிக்க வேண்டும் என்று விரித்துச் சொன்னது.

படகு இலங்கையிலிருந்து புறப்படவில்லை. இந்தியாவில், புதுச்சேரிப் பக்கத்திலிருந்து ஜூன் நடுவில் புறப்பட்டது. அந்தக் காலத்தில் தமிழ்நாட்டில் 100-க்கும் மேற்பட்ட முகாம்களில் 60,000-க்கும் அதிகமான இலங்கைத் தமிழர்கள் இருந்தார்கள். இந்தியா 1951 அகதிகள் உடன்படிக்கையில் சேராத நாடு. அகதிகளுக்கென்று அங்கே தனிச் சட்டமும் கிடையாது. முகாமில் இருபது, முப்பது ஆண்டுகள் வாழ்ந்தவரும், அங்கேயே பிறந்த பிள்ளையும், சட்டத்தின் கண்ணில் அயல்நாட்டவர்தான். உதவித்தொகை உண்டு, பள்ளிக்கூடம் உண்டு, தலைக்கு மேல் கூரை உண்டு. ஆனால் நாளைக்கும் இருக்கலாம் என்ற எழுத்து மட்டும் இல்லை. 'இந்தியாவில் பாதுகாப்பாகத்தானே இருந்தார்கள், ஏன் படகேறினார்கள்' என்று கேட்பவர்கள் இந்த ஒரு வரியைத் தவறவிடுகிறார்கள்.

மறுபக்கம் ஆஸ்திரேலியா. 1951 உடன்படிக்கை நடைமுறைக்கு வர ஆறு நாடுகள் ஏற்க வேண்டியிருந்தது. 1954 ஜனவரி 22 அன்று சேர்ந்த ஆஸ்திரேலியாதான் அந்த ஆறாவது நாடு. அதாவது உடன்படிக்கைக்கு உயிர் கொடுத்த கையெழுத்தே அவர்களுடையது. அதே நாடு 2001-இல் நடுக்கடலில் மீட்கப்பட்ட 433 பேரை ஏற்றிவந்த 'டாம்பா' என்ற நார்வே கப்பலைக் கரையேற விடாமல் தடுத்தது. 2013 செப்டம்பரில் ஆட்சிக்கு வந்த அரசு, படகுகளை நிறுத்துவோம் என்று சொல்லியே தேர்தலில் வென்றது. 'இறையாண்மை எல்லைகள்' என்று பெயரிட்ட ராணுவத் தலைமையிலான நடவடிக்கை அதே மாதம் தொடங்கியது. கடலில் நடக்கும் எதைப் பற்றியும் பேசமாட்டோம் என்பது அதன் தகவல் கொள்கை. எத்தனை படகை மறித்தார்கள், யாரைப் பிடித்தார்கள், எங்கே கொண்டுபோனார்கள், எதற்கும் பதில் வராது.

சட்டத்தின் நிலை

உடன்படிக்கையின் 33-ஆம் பிரிவு சொல்வது இவ்வளவுதான்: இனம், மதம், நாட்டினம், சமூகக் குழு, அரசியல் கருத்து ஆகியவற்றின் காரணமாக உயிருக்கோ சுதந்திரத்துக்கோ ஆபத்து உள்ள எல்லைக்கு ஓர் அகதியை எந்த வகையிலும் திருப்பி அனுப்பக் கூடாது. சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கையின் 3-ஆம் பிரிவும் ஏறக்குறைய இதையே, விதிவிலக்கே இல்லாமல் சொல்கிறது.

சிக்கல் 'திருப்பி அனுப்புதல்' என்ற சொல்லில் இருக்கிறது. ஒருவர் நாட்டுக்குள் கால் வைத்த பிறகுதானே அவரைத் திருப்பி அனுப்ப முடியும், நடுக்கடலில் மறித்தால் அது எப்படித் திருப்புவதாகும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1993-இல் ஹெய்ட்டி நாட்டவர் வழக்கில் கேட்டது. 8–1 என்று அரசின் பக்கம் தீர்ப்பளித்தது. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் நேர்மாறாகப் போனது. 2009-இல் இத்தாலி தன் கப்பல்களில் ஏற்றி லிபியாவில் கொண்டுபோய் விட்ட சோமாலியர், எரித்திரியர் தொடர்ந்த வழக்கில், ஆட்கள் யார் பிடியில் இருக்கிறார்களோ அந்த அரசுக்குத்தான் பொறுப்பு என்று 2012 பிப்ரவரியில் ஒருமனதாகச் சொன்னது. தமிழ் காதுக்கு இந்தச் சண்டையே விநோதமாக இருக்கும். வாசலில் நின்றவனை விரட்டினாலும், திண்ணையில் உட்கார்ந்தவனை எழுப்பி அனுப்பினாலும், தெருமுனையிலேயே கைகாட்டித் தடுத்தாலும் திருப்பி அனுப்பியதுதான். ஆனால் வழக்குகள் நம் காதை வைத்து நடப்பதில்லை. 157 பேர் மறிக்கப்பட்ட வேளையில், இரண்டு பெரிய நீதிமன்றங்கள் இரண்டு விதமாகச் சொல்லியிருந்தன, ஆஸ்திரேலிய நீதிமன்றம் இன்னும் எதுவும் சொல்லவில்லை.

மறிக்கப்பட்ட நாள்

அடைபடுவதற்கு முன்பே, படகில் இருந்த ஒருவர் தொலைபேசியில் ஆஸ்திரேலியாவில் உள்ளவர்களோடு பேசினார். எண்ணெய் கசிகிறது, குழந்தைகள் இருக்கிறார்கள் என்று சொன்னார். செய்தி வெளியே வந்தது. பிறகு தொடர்பு அறுந்தது. அரசிடம் கேட்டால் அப்படி ஒரு படகு உண்டு என்றுகூட ஒப்புக்கொள்ளவில்லை. அந்த ஓர் அழைப்பு இல்லாவிட்டால் மேற்கொண்டு எழுத ஒன்றும் இருந்திருக்காது என்பதால் இதை முதலில் வைக்கிறேன்.

ஜூன் 29 அன்று படகு மறிக்கப்பட்டது, கரையிலிருந்து 12 கடல் மைலுக்கு அப்பால், 24 கடல் மைலுக்குள் அமைந்த தொடர் மண்டலத்தில். படகு பயணத்துக்குத் தகுதியற்றதாகிவிட்டதால் எல்லோரும் ஆஸ்திரேலியக் கப்பலுக்கு மாற்றப்பட்டார்கள். வழக்கில் பின்னர் பதிவான விவரங்களின்படி, ஜன்னல் இல்லாத அறைகளில், நாளில் 22 மணி நேரத்துக்குக் குறையாமல் அடைக்கப்பட்டிருந்தார்கள். சாப்பாட்டுக்கு வெளியே விடும்போதுதான் பகல் வெளிச்சம். குடும்பங்கள் பிரிக்கப்பட்டன.

ஜூலை 1 அன்று, அமைச்சரவையின் தேசியப் பாதுகாப்புக் குழு ஒரு முடிவெடுத்தது: இவர்களை இந்தியாவுக்குக் கொண்டுபோக வேண்டும். எடுத்த வேளையில் இந்தியாவோடு இதற்கென எந்த உடன்பாடும் இல்லை. கப்பலில் இருந்தவர்களிடம் எதுவும் கேட்கப்படவில்லை. ஏன் புறப்பட்டீர்கள், எங்கே போனால் ஆபத்து, இந்தியாவில் உங்களுக்கு என்ன நிலை, இப்படி ஒரு கேள்வியும் இல்லை. இது குற்றச்சாட்டல்ல. இரு தரப்பும் ஒப்புக்கொண்டு நீதிமன்றத்தில் வைத்த உண்மை.

அரசின் நியாயம் என்னவென்று பார்த்தால் புரியாமல் இல்லை. ஆஸ்திரேலிய மண்ணில் இறக்கினால் படகுப் பாதை திறந்துவிட்டது என்ற சேதி போகும். இலங்கைக்கு அனுப்பினால் திருப்பி அனுப்பாமை விதி நேராகவே இடிக்கும். புறப்பட்ட இடத்துக்கே கொண்டுபோனால் இரண்டும் இல்லை. கணக்கு சரி. வாங்கிக்கொள்ள வேண்டிய நாட்டிடம் கேட்காமல் போட்ட கணக்கு என்பதுதான் குறை.

அதே நாட்களில் இன்னொரு படகு

இந்த இடத்தில் இன்னொரு படகைச் சொல்லாமல் தாண்ட முடியாது. ஜூன் இறுதியில், ஆஸ்திரேலியாவுக்குச் சொந்தமான கொக்கோஸ் தீவுகளுக்கு மேற்கே 41 பேரோடு ஒரு படகு மறிக்கப்பட்டது. 37 பேர் சிங்களவர், 4 பேர் தமிழர். ஜூலை 6 அன்று மட்டக்களப்புக்கு அப்பால் கடலில் வைத்தே அவர்கள் இலங்கைக் கடற்படையிடம் ஒப்படைக்கப்பட்டார்கள். கரையேறியதும் குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தின் கையில், அங்கிருந்து காலி நீதவான் நீதிமன்றத்தில், சட்டவிரோதமாக நாட்டைவிட்டு வெளியேறிய குற்றத்துக்காக.

41 பேரையும் கப்பலிலேயே விசாரித்து முடித்ததாக அரசு சொன்னது. அந்த விசாரணைக்கு 'மேம்பட்ட பரிசீலனை' என்று பெயர். பெயர் என்ன, எந்த நாடு, எங்கிருந்து புறப்பட்டாய், ஏன் புறப்பட்டாய் என்ற நான்கே கேள்விகள் என்று அப்போது செய்திகள் வந்தன.

நான்காவது கேள்விக்கு வடக்கு, கிழக்கிலிருந்து வரும் ஒருவர் முதலில் சொல்லும் பதில் எனக்குத் தெரியும். எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். "அங்க பிரச்சினை." அவ்வளவுதான் சொல்வார். காணித் தகராறும் பிரச்சினைதான், கடன்காரனும் பிரச்சினைதான், தம்பியை வெள்ளை வேனில் கடத்திக்கொண்டு போனதும் பிரச்சினைதான். அடுத்துக் கேட்டால், "வந்து விசாரிச்சவங்கள்" என்பார். 'விசாரித்தல்' என்றால் நலம் விசாரிப்பதும் உண்டு, தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டு விசாரிப்பதும் உண்டு. சீருடை போட்டவர் முன்னால், அதுவும் கப்பல் ஆடிக்கொண்டிருக்க, யாரும் எடுத்த எடுப்பில் இரண்டாவதைச் சொல்லமாட்டார். நல்ல விசாரணையில் இந்தச் சொல்லைப் பிரித்தெடுக்கவே ஒரு மணி நேரம் ஆகும். நான்கு கேள்விப் படிவத்தில் அது 'பிரச்சினை' என்றே பதிவாகி, அகதிக் காரணம் இல்லை என்று முடிந்துபோகும்.

ஜூலை 7, 8: நீதிமன்றத்தில்

41 பேர் ஒப்படைக்கப்பட்ட செய்தி ஜூலை 7 அன்று அதிகாரப்பூர்வமாக வந்தது. அடுத்தது பெரிய படகு என்று அஞ்சிய வழக்கறிஞர்கள் அன்று மாலையே உயர் நீதிமன்றத்தை நாடினார்கள்.

அவர்களுடைய நிலையை எண்ணிப் பாருங்கள். கட்சிக்காரரோடு பேசியதில்லை. அவர் எந்தக் கப்பலில் இருக்கிறார் என்று தெரியாது. கப்பல் எந்தத் திசையில் போகிறது என்று தெரியாது. எத்தனை பேர் என்றுகூடத் துல்லியமாகத் தெரியாது. அன்றைய செய்திகள் எல்லாம் 153 என்றே சொல்லின. 157 என்பது பின்னால் தெரிந்தது. உறவினர்கள் கொடுத்த பெயர்களை வைத்துக்கொண்டு, கப்பலில் இருந்தவர்களில் ஒரு பகுதியினர் சார்பில் மட்டும் மனு போனது.

நீதிபதி அன்றிரவே, இலங்கையிடம் ஒப்படைக்கக் கூடாது என்று இடைக்காலத் தடை விதித்தார். மறுநாள் விசாரணையில் அரசு முதல் தடவையாக ஒப்புக்கொண்டது, ஆம், கப்பல் இருக்கிறது, ஆட்கள் இருக்கிறார்கள். இலங்கை அதிகாரிகளிடம் எவரையும் ஒப்படைப்பதாக இருந்தால் 72 மணி நேரம் முன்பே எழுத்தில் தெரிவிப்போம் என்ற உறுதிமொழியையும் கொடுத்தது.

இந்த நிகழ்வில் பாதுகாப்பு என்று ஒன்று கிடைத்திருந்தால் அது இதுதான் என்பது என் கருத்து. அரசு இந்தியாவுக்குப் போகத்தான் ஏற்கெனவே தீர்மானித்திருந்தது, ஆகவே உறுதிமொழியால் ஒன்றும் மாறவில்லை என்று வாதிடலாம். ஆனால் இந்தியா மறுத்தால் அடுத்து என்ன என்ற கேள்வி அப்போது திறந்தே இருந்தது. மட்டக்களப்புக்கு அப்பால் நடந்தது இரண்டு நாள் முன்புதான். உறுதிமொழிக்குப் பிறகு அந்த வழியில் சத்தமில்லாமல் போக முடியாது.

அதேவேளை அதில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. அது இலங்கையைப் பற்றி மட்டுமே பேசியது.

இந்தியக் கரைக்கு அருகே

ஜூலை 10 வாக்கில் கப்பல் இந்தியாவை நெருங்கியது. பிறகு ஏறத்தாழ இரண்டு வாரம் அங்கேயே நின்றது. இறக்க அனுமதி கிடைக்கவில்லை. உயிர்காப்புப் படகுகளில் ஏறி நீங்களே கரைக்குப் போங்கள் என்று தங்களிடம் சொல்லப்பட்டதாகவும், அவற்றை ஓட்டச் சிலரைத் தயார்ப்படுத்தியதாகவும் பயணிகள் பின்னாளில் சொன்னார்கள். நடக்கவில்லை என்பது நல்லது.

ஆஸ்திரேலியக் குடிவரவு அமைச்சர் ஜூலை மூன்றாம் வாரத்தில் டெல்லிக்கே போனார். இந்தியக் குடிமக்கள் இருந்தால் ஏற்பதாகவும், இந்தியாவில் வசித்தவர்களைப் பற்றிப் பரிசீலிக்கலாம் என்றும் அங்கே பேச்சு முடிந்தது. ஆனால் இந்தியத் தூதரக அதிகாரிகள் ஒவ்வொருவரையும் நேரில் பார்த்துப் பேச வேண்டும், அதைக் கப்பலில் செய்ய முடியாது. ஆகவே ஜூலை 23 அன்று, அவர்களைக் கொக்கோஸ் தீவுகளுக்குக் கொண்டுபோக முடிவாயிற்று.

மூன்று வாரங்களுக்கு முன்பே செய்திருக்க வேண்டியதை, நடுவில் 157 பேரின் மூன்று வாரத்தைச் செலவழித்த பிறகு செய்தார்கள். ஓர் ஆளை எந்த நாடு ஏற்கும் என்று கண்டுபிடிக்க, அவர் யாரென்று கேட்டாக வேண்டும். அந்தக் கேள்வியைத் தவிர்க்கத்தான் கடலிலேயே வைத்திருந்தார்கள். கடைசியில் அதே கேள்விக்காகத்தான் கரைக்குக் கொண்டுவர வேண்டியதாயிற்று.

கர்டின், பிறகு நவுரு

ஜூலை 27 அன்று கொக்கோஸ் தீவில் இறங்கினார்கள். அங்கிருந்து விமானத்தில் மேற்கு ஆஸ்திரேலியாவின் கர்டின் தடுப்பு முகாமுக்கு. இந்தியத் தூதரக அதிகாரிகளைச் சந்திக்க அவர்கள் மறுத்தார்கள். மறுத்ததால் ஆகஸ்ட் 1 இரவோடு இரவாக எல்லோரையும், ஆஸ்திரேலியா தஞ்சம் கோருவோரை அனுப்பிவைத்த தனி நாடான நவுருத் தீவுக்கு விமானத்தில் ஏற்றிவிட்டதாக அரசு அறிவித்தது. சட்ட ஆலோசனைக்கு உரிய அவகாசமே தரப்படவில்லை என்று வழக்கறிஞர்கள் குறை சொன்னார்கள்.

ஏன் மறுத்தார்கள் என்று பலர் கேட்டதுண்டு. ஒரு மாதம் எங்கே போகிறோம் என்று தெரியாமல் இருட்டறையில் இருந்துவிட்டு வந்தவர்களிடம், கரையேறிய நான்காம் நாள், நீ விட்டுவந்த நாட்டின் அதிகாரியோடு பேசு என்கிறார்கள். பேசினால் திரும்பிப் போகச் சம்மதித்ததாகிவிடுமோ என்று நினைப்பது மனித இயல்பு. சந்திப்பது வேறு, சம்மதிப்பது வேறு என்று அவர்கள் மொழியில், அவர்கள் நம்பும் ஒருவர் உட்கார்ந்து சொல்லியிருந்தால் எப்படி முடிந்திருக்கும் என்பது இனி யாருக்கும் தெரியப்போவதில்லை.

நவுருவுக்கு அனுப்ப 72 மணி நேர முன்னறிவிப்பு தேவைப்படவில்லை. நவுரு இலங்கை அல்ல.

வழக்கும் தீர்ப்பும்

ஆட்கள் போய்விட்ட பிறகு தடுப்பதற்கு எதுவும் இல்லை. எஞ்சியது, கடலில் அடைத்து வைத்தது சட்டவிரோதம், அதற்கு இழப்பீடு வேண்டும் என்ற கேள்வி. அக்டோபரில் இரண்டு நாள் வாதம் நடந்தது. ஐ.நா. அகதிகள் உயர் ஆணையர் அலுவலகமும் எழுத்தில் தன் கருத்தை வைத்தது. தீர்ப்பு 2015 ஜனவரி 28 அன்று வந்தது.

கடல்சார் அதிகாரங்கள் சட்டம் 2013, பிரிவு 72(4): மறிக்கப்பட்ட கலத்தில் இருந்தவரைத் தடுத்து வைத்து, ஆஸ்திரேலியாவுக்கு வெளியே உள்ள ஓர் இடத்துக்கும் கொண்டுபோகலாம். 'ஓர் இடம்' என்பதற்கு என்ன பொருள்? அங்கே இறங்க அவருக்கு உரிமையோ அனுமதியோ இருக்க வேண்டுமா? முன்கூட்டியே உடன்பாடு வேண்டியதில்லை, மேலிடத்து முடிவை அதிகாரிகள் செயல்படுத்தியதில் பிழையில்லை, கொண்டுபோகும் முன் அவர் தரப்பைக் கேட்க வேண்டிய கடமையும் இல்லை என்று நான்கு நீதிபதிகள் சொன்னார்கள். இறக்க முடியுமா என்றே தெரியாத இடத்தை நோக்கி ஒருவரைக் கொண்டுபோவதை அந்தப் பிரிவு அனுமதிக்கவில்லை, ஆகவே அந்தத் தடுப்பு செல்லாது என்று மூவர் மாறுபட்டார்கள்.

திருப்பி அனுப்பாமை விதி தொடர் மண்டலத்தில் ஆஸ்திரேலியாவைக் கட்டுப்படுத்துமா? எல்லோரும் எதிர்பார்த்த இந்தக் கேள்விக்கு விடையே வரவில்லை. காரணம் எளிது. வழக்குத் தொடுத்தவர் அச்சம் தெரிவித்தது இலங்கையைக் குறித்து, கொண்டுபோனது இந்தியாவுக்கு. இந்தியாவிலிருந்து இலங்கைக்கு அனுப்பிவிடும் ஆபத்து, அதாவது கைமாற்றித் திருப்பி அனுப்புவது, ஆவணங்களில் போதிய அளவு நிறுவப்படவில்லை. நிறுவியிருக்க முடியுமா? அவரிடம்தான் யாரும் கேட்கவே இல்லையே. கேட்காததால் பதிவில்லை, பதிவில்லாததால் ஆபத்தில்லை. இந்த வட்டத்தைக் கவனியுங்கள், வேறு வழக்குகளிலும் வரும்.

ஆனால் அந்தத் தீர்ப்பில் வென்றிருந்தாலும் பின்னால் வருபவர்களுக்குப் பயன்பட்டிருக்காது. வாதம் அக்டோபரில் முடிந்தது, தீர்ப்பு ஜனவரியில் வந்தது, நடுவில் டிசம்பரில் நாடாளுமன்றம் சட்டத்தையே திருத்திவிட்டது. சர்வதேசக் கடமைகளைக் கருதவில்லை என்பதாலோ, தரப்பைக் கேட்கவில்லை என்பதாலோ கடலில் எடுத்த நடவடிக்கை செல்லாததாகாது என்று புதிய பிரிவுகள் வந்தன. குடிவரவுச் சட்டத்திலிருந்து அகதிகள் உடன்படிக்கை பற்றிய பெரும்பாலான குறிப்புகளும் நீக்கப்பட்டன. எதிர்மனுதாரரே ஆட்டத்தின் நடுவில் விதிகளை எழுதும் இடத்தில் இருந்தார்.

பிறகு

நவுருவில் குழந்தைகள் இருந்த கதை ஆண்டுக்கணக்கில் நீண்டது. கடைசிக் குழந்தைகள் அங்கிருந்து வெளியேற 2019 ஆயிற்று. ஆட்களை வேறொரு நாட்டின் தீவில் வைத்தாலும் பொறுப்பு கைமாறிவிடாது என்று ஐ.நா. மனித உரிமைக் குழு 2025 ஜனவரியில், வேறு சிலர் தொடர்ந்த நவுரு வழக்குகளில், ஆஸ்திரேலியாவைப் பார்த்துச் சொன்னது. அந்தக் குழுவின் முடிவை நிறைவேற்றவைக்கக் காவல்காரர் கிடையாது. ஆனாலும் 2014-இல் விடையில்லாமல் நின்ற கேள்வியின் ஒரு முனைக்கு விடை வந்திருக்கிறது.

ஒப்பிட்டுப் பார்க்க இன்னொன்று. கனடா நோக்கிப் புறப்பட்ட தமிழர் படகு ஒன்று நடுவழியில் சிக்கி, 2021 அக்டோபரில் பிரிட்டனின் ஆளுகைக்கு உட்பட்ட டியேகோ கார்சியா தீவுக்குக் கொண்டுவரப்பட்டது. அகதிகள் உடன்படிக்கை அந்தத் தீவுக்கு நீட்டிக்கப்படவே இல்லை. வேலியிட்ட கூடார முகாமில் மூன்று ஆண்டுக்கு மேல் இருந்தார்கள். அவர்கள் தொடர்ந்த வழக்கில், 2024 செப்டம்பரில் நீதிபதி அந்தத் தீவுக்கே போய், முகாமை நேரில் பார்த்து, அங்கேயே விசாரணை நடத்தினார். டிசம்பரில் அந்தத் தடுப்பு சட்டவிரோதம் என்று தீர்ப்பு வந்தது. அதற்குச் சில நாள் முன்னரே பெரும்பாலோர் பிரிட்டனுக்குக் கொண்டுவரப்பட்டிருந்தார்கள். ஏட்டில் இருந்த உடன்படிக்கை 157 பேருக்கு எட்டவில்லை, உடன்படிக்கையே இல்லாத தீவில் இவர்கள் வென்றார்கள். இவர்கள் விஷயத்தில், விசாரணை நடந்த வேளையில் ஆட்கள் பெரும்பாலும் அங்கேயே இருந்தார்கள், நீதிபதி அவர்களைக் கண்ணால் பார்த்தார்.

எதை வேறு மாதிரி செய்யலாம்

இடைக்கால உத்தரவு கேட்கும்போது நாட்டின் பெயரைச் சொல்லிக் கேட்கக் கூடாது. 'இலங்கையிடம் ஒப்படைக்காதே' என்று கேட்டதால் அது மட்டுமே கிடைத்தது. இருக்கும் இடத்திலிருந்து வேறு எந்த இடத்துக்கும் மாற்றும் முன் அறிவிப்பு, அதோடு மொழிபெயர்ப்பாளர் உதவியோடு வழக்கறிஞரிடம் பேசும் வாய்ப்பு என்று சேர்த்துக் கேட்டிருக்க வேண்டும். மறுத்திருக்கலாம்தான். அன்றிரவு இருந்த அவசரத்தில் அதைக் கேட்காததற்கு யாரையும் குறை சொல்லவும் முடியாது. ஆனால் அடுத்தவருக்கு அந்தச் சாக்கு இல்லை.

இடைவழி நாட்டின் நிலையும் முதல் நாளே எழுத்தில் வர வேண்டும். தஞ்சம் கோருவோர் சொந்த நாட்டில் நடந்ததை மட்டுமே சொல்வார்கள். முகாமில் கியூ பிரிவுக் காவலர் (முகாம்களைக் கண்காணிக்கும் தமிழ்நாடு உளவுக் காவல் பிரிவு) வந்து கணக்கெடுத்தது, வெளியூர் போக அனுமதிக்கு நின்றது, பிள்ளைக்குச் சான்றிதழ் கிடைக்காதது எல்லாம் அவர்களுக்கு அன்றாடம். அதையெல்லாம் யாரும் ஆபத்து என்று எண்ணிச் சொல்வதில்லை. கேட்டு எழுதினால்தான் உண்டு.

உறவினர்கள் வைத்திருக்கும் பெயர்ப் பட்டியலுக்கு நான் அதிக முக்கியத்துவம் தருகிறேன். தமிழ்ப் பெயருக்கு முன்னால் தகப்பன் பெயரா, பின்னால் தகப்பன் பெயரா, முதலெழுத்தா என்பது ஒவ்வோர் அலுவலகத்திலும் ஒவ்வொரு விதமாகப் பதிவாகும். ஒரே ஆள் அகதி அட்டையில் ஒரு பெயராகவும், பிறப்புச் சான்றிதழில் வேறாகவும், கப்பல் அதிகாரியின் தாளில் மூன்றாவதாகவும் இருப்பார். இவர் எங்கள் கட்சிக்காரர் என்று வழக்கறிஞர் சொல்ல, அப்படி ஒருவர் பட்டியலில் இல்லை என்று மறுபக்கம் சொல்ல இது போதும். பெயரோடு பிறந்த தேதி, ஊர், தகப்பன் தாய் பெயர், அட்டை எண் ஆகியவற்றையும் சேர்த்துத் தமிழிலேயே எழுதி, கரையில் இருக்கும் ஒருவரிடம் கொடுத்து வைக்கச் சொல்கிறோம்.

மொழிபெயர்ப்பாளராக நான் மாற்றிக்கொண்டது ஒன்றுண்டு. "பிரச்சினை" என்று ஒருவர் சொன்னால் இப்போது நான் அதை உடனே பெயர்ப்பதில்லை. இந்தச் சொல்லுக்குப் பல பொருள் உண்டு, எது என்று கேட்க அனுமதி தாருங்கள் என்று அதிகாரியிடம் முதலில் சொல்லிவிடுகிறேன். சிலர் அனுமதிப்பதில்லை. அப்போது, மொழிபெயர்ப்பாளர் விளக்கம் கேட்க முயன்றார், அனுமதிக்கப்படவில்லை என்று பதிவில் எழுதச் சொல்கிறேன். பெரும்பாலும் அதற்குப் பிறகு அனுமதித்துவிடுகிறார்கள்.